62-ஆம் ‘ராணுவமா’, 62-ஆம் ‘தானையா’?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஸ்டாலின்கிராட் (இரண்டாம் உலகப் போரில் சோவியத், ஜெர்மன் படைகள் மோதிய நகரம்) பற்றிய கட்டுரையை மெய்ப்புப் பார்க்கும்போது ஒரு வரியில் சிக்கிக்கொண்டேன்: “சோவியத் ராணுவத்தின் 62-வது ராணுவம் நகரைக் காத்தது.” ஒரே வரியில் ராணுவம் இரண்டு தடவை வருகிறது, இரண்டுக்கும் பொருள் வேறு. முதலாவது நாட்டின் மொத்தப் படை. இரண்டாவது, சில டிவிஷன்களையும் (பல ஆயிரம் பேர் கொண்ட பிரிவுகள்) பீரங்கிகளையும் ஒரே தளபதியின் கீழ் சேர்த்த அமைப்பு. படிக்கிற பிள்ளை “ஒரு நாட்டுக்கு அத்தனை ராணுவமா?” என்று கேட்டால் என்ன சொல்வோம்? ‘படை’ என்று மாற்றினாலும் தீராது. சோவியத் ராணுவத்தின் பெயரான செம்படையில் அது ஏற்கெனவே இருக்கிறது.

இந்த இரண்டாவதற்கு ‘தானை’ என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. பழைய சொல்தான், ஆனால் ‘தானைத் தளபதி’ என்று இன்றும் மேடைகளில் கேட்கிறோம். சொல் சிறியதாக இருப்பதும் முக்கியம், ஏனென்றால் சோவியத் அமைப்பில் முன்னொட்டுகள் நிறைய: டாங்கித் தானை, வான்தானை, அதிரடித் தானை. எல்லாம் இடறாமல் வாயில் வருகின்றன. இதற்கு நண்பர்கள் கேட்டவற்றையும் என் பதில்களையும் கீழே தருகிறேன்.

> அக்குரோணி இருக்கும்போது புதிதாக ஏன் தேட வேண்டும்?

ஐயா, மகாபாரதத்தில் வரும் அக்குரோணிக்குக் கணக்கு உண்டு. யானை 21,870, தேரும் அதே அளவு, குதிரை 65,610, காலாள் 1,09,350. 62-க்கு எந்தக் கணக்கும் நிலைக்கவில்லை. 1942 செப்டம்பர் 12-இல் சூய்கோவ் அதன் தளபதியாகப் பொறுப்பேற்றபோது சில டிவிஷன்களில் சில நூறு பேரே மிஞ்சியிருந்தார்கள். இரண்டு நாள் கழித்து ரோதிம்த்செவின் 13-ஆம் டிவிஷன் ஏறக்குறைய 10,000 பேருடன் இரவில் வோல்கா ஆற்றைக் கடந்து வந்தது. அதுவும் வேகமாகக் கரைந்தது. பெரிய பீரங்கிகள் பெரும்பாலும் ஆற்றுக்குக் கிழக்கே நின்றன. அப்படியானால் 62 என்று எதைச் சொன்னார்கள்? ஆற்றங்கரைச் சரிவில் குடைந்த பதுங்குகுழிகளில் இருந்த தலைமையைத்தான்: தளபதி சூய்கோவ், தலைமை அதிகாரி கிரிலோவ், ராணுவ மன்ற உறுப்பினர் குரோவ். அக்டோபரில் மேலே இருந்த எண்ணெய்த் தொட்டிகள் குண்டுவீச்சில் பற்றிக்கொண்டன. எரிகிற எண்ணெய் அந்தக் குழிகளின் ஓரமாகவே வழிந்து வோல்காவில் இறங்கியது. அவர்கள் அங்கேயே இருந்து கட்டளை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இதற்கு எண்ணிக்கையைச் சுமக்கிற சொல் பொருந்தாது.

> ‘களத்தானை’ என்றால் இன்னும் தெளிவாக இருக்குமே?

அக்கா, எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. எழுதிப் பார்த்தால் ‘களத்து ஆனை’ என்றும் பிரிகிறது. அதே போல முன்னணிப் பிரிவுக்கு ‘முன்தானை’ என்று யாரும் போய்விடக் கூடாது. வாசிப்பவர் கண்ணுக்குச் சேலைதான் தெரியும். வெறும் ‘தானை’, முன்னால் எண். அது போதும்.

> ‘ஃபிரண்ட்’ என்பதற்குப் போர்முனை இருக்கிறது.

இங்கேதான் தவறு நேர்கிறது. போர்முனை ஒரு இடம். சோவியத் ஃபிரண்ட் பல தானைகளை ஆண்ட ஓர் அமைப்பு. 1942 செப்டம்பர் நடுவில் ஸ்டாலின்கிராட் நகருக்குள் சண்டையிட்ட 62, ஸ்டாலின்கிராட் ஃபிரண்டில் இல்லை. தென்கிழக்கு ஃபிரண்டில் இருந்தது. அந்த மாதக் கடைசியில் பெயர்கள் மாறின: தென்கிழக்கு ஸ்டாலின்கிராட் ஆனது, பழைய ஸ்டாலின்கிராட் தோன் ஆனது. இதைப் ‘போர்முனை’ போட்டு எழுதினால் சண்டை இடம் பெயர்ந்த மாதிரி ஆகிவிடும். ‘பெருந்தானை’ என்று வைத்தால் குழப்பம் இல்லை. ஜெர்மானியரின் படைத்தொகுதிக்கும் அதுவே பொருந்தும். ஜெர்மன் தளபதி பவுலுஸின் 6-ஆம் தானை எந்தப் பெருந்தானையில் இருந்தது என்று நேராகச் சொல்லலாம்.

அப்புறம், 1943-இல் 62-க்கு 8-ஆம் ‘கார்ட்ஸ்’ என்று பெயர் வந்தது. இதைக் ‘காவல்’ என்று பெயர்த்திருப்பதை மாற்றியே ஆக வேண்டும். அவர்கள் யாருக்கும் காவல் நிற்கவில்லை. நன்றாகப் போரிட்ட பிரிவுகளுக்குத் தனிக்கொடியும் கூடுதல் சம்பளமும் சேர்த்துக் கொடுத்த பட்டம் அது. 1941 செப்டம்பரில் நான்கு டிவிஷன்களுக்கு முதலில் கிடைத்தது. ‘விருது’ சரியாக வரும், ஏனென்றால் பழைய வழக்கில் விருது என்பது பட்டம் மட்டுமல்ல, வெற்றிக் கொடியும்கூட. எழுதிப் பாருங்கள்: “1945 மே 1 அதிகாலையில் ஜெர்மன் தளபதி கிரெப்ஸ் பேச்சு நடத்த வந்தது, 8-ஆம் விருதுத் தானையின் தளபதி சூய்கோவிடம்.”

மிச்சம் இருப்பது ‘கோர்’, அதாவது சில டிவிஷன்களைச் சேர்த்த அமைப்பு. ஸ்டாலின்கிராட் பகுதியில் சோவியத் காலாட்படைக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது. 1941 கோடையில் காலாட்படைக் கோர்களைப் பெரும்பாலும் கலைத்துவிட்டார்கள், டிவிஷன்கள் நேரே தானையின் கீழ் வந்தன. ஆனால் பெர்லின் பகுதியில் மறுபடி வருகின்றன. டிவிஷனுக்கு இலங்கை ஏடுகளில் வருகிற ‘படைப்பிரிவு’ என்பதை எடுத்துக்கொண்டால், அதற்கும் தானைக்கும் நடுவே நிற்க ஒரு சொல் வேண்டும். எனக்கு ‘படைத்தொகை’ வரை வந்து நிற்கிறது, மனம் ஒப்பவில்லை. யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.