பழைய பத்மினியின் ரேடியேட்டரில் திரும்பத் திரும்பத் துருநீர்: என்ன செய்யலாம்?

கேள்வி

வணக்கம். என் தந்தையார் வாங்கிய 1978-ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினி காரை இன்றும் ஓட்டி வருகிறேன். சென்ற ஆண்டு ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து புதிய ஹோஸ்களும் மாட்டினேன். ஆயினும் நான்கே மாதங்களில் தண்ணீர் செம்மண் கரைத்ததுபோல் ஆகிவிட்டது. ஊற்றுவது வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீர்தான். வண்டி வாரம் ஒருமுறைதான் வெளியே போகிறது. புளியைக் கரைத்து ஊற்றிக் கழுவச் சொல்கிறார் ஒருவர், சலவைச் சோடா போடச் சொல்கிறார் இன்னொருவர். ஓடாத நாட்களில் தண்ணீரை முழுவதும் வடித்துவிட்டு நிறுத்துவது நல்லதா என்பதையும் அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில் 1

ஐயா, சலவைச் சோடாவை அருகிலேயே கொண்டுவர வேண்டாம். உங்கள் 1089 சிசி என்ஜினின் பிளாக் (அடிப்பகுதி) வார்ப்பிரும்பு, அதன்மேல் மூடியிருக்கும் ஹெட் அலுமினியம், ரேடியேட்டரோ செம்பும் பித்தளையும் ஈயப்பற்றும் சேர்ந்தது. காரக் கரைசல் அலுமினியத்தை நேரடியாகவே தின்றுவிடும். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் குத்துவிளக்கைத் துலக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதன் சக்கையும் நாரும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். சிட்ரிக் அமிலத்தை லிட்டருக்கு 25 கிராம் அளவில் கரைத்து ஊற்றி, அரைமணி நேரம் என்ஜினை ஓடவிட்டு, உடனே வடித்து, சமையல் சோடா சிறிது கலந்த நீரால் ஒருமுறையும் வெறும் நீரால் பலமுறையும் அலசுங்கள். இரவு முழுவதும் ஊறவிடக் கூடாது.

அடிப்படைக் குறை ஆழ்துளைக் கிணற்று நீரில் இருக்கிறது. அதிலுள்ள குளோரைடு உப்புகள் நீரை நல்ல மின்கடத்தியாக்குவதால், பல உலோகங்கள் ஒரே நீரில் நனைந்து நிற்கும் இந்த அமைப்பே ஒரு மின்கலம்போல் செயல்பட்டு, அவற்றுள் எளிதில் கரையும் அலுமினியம் முதலில் அரிக்கப்படுகிறது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டருடன் எத்திலீன் கிளைக்கால் கூலண்டை (நீர் உறைவதையும் உலோகம் அரிப்பதையும் தடுக்கும் திரவத்தை) மூன்றில் ஒரு பங்காவது கலந்து ஊற்றுங்கள். நம் ஊரில் உறைபனிக்கு அஞ்ச வேண்டியதில்லை. நமக்கு வேண்டியது அதிலுள்ள அரிப்புத் தடுப்பான்களே. அவை காலப்போக்கில் தீர்ந்துபோகும். அதன் பின் கிளைக்காலே சிதைந்து அமிலமாக மாறும். ஆகையால், பழைய வண்டிகளுக்கு ஏற்ற சிலிக்கேட் வகைக் கூலண்டை வாங்கி, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். நிறத்தை நம்பி வாங்க வேண்டாம். புட்டியில் அச்சிட்டிருப்பதைப் படித்து வாங்குங்கள்.

பதில் 2

மேலே சொன்னது அனைத்தும் சரியே. முப்பது ஆண்டுகளாகப் பட்டறையில் பார்த்ததை வைத்து ஒன்று சேர்க்கிறேன்: நீர் மட்டுமல்ல, காற்றும் உள்ளே போகாமல் துரு பிடிப்பதில்லை. என்ஜின் ஆறும்போது நீர் சுருங்கி உள்ளே உறிஞ்சும் விசை உண்டாகிறது. மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தாலோ, ஹோஸ் கிளிப் தளர்ந்திருந்தாலோ, வாட்டர் பம்பின் சீல் கசிந்தாலோ அங்கெல்லாம் காற்று நுழையும். வழிந்த நீரைச் சேமித்துத் திருப்பித் தரும் புட்டி உங்கள் வண்டியில் இல்லையெனில், அதற்குரிய மூடியுடன் ஒன்றைப் பொருத்துங்கள். குறைந்த செலவில் கிடைக்கும் பெரிய பயன் இது.

தண்ணீரை வடித்துவிட்டு நிறுத்த வேண்டாம். ஈரமான இரும்புச் சுவரும் காற்றும் சேர்ந்தால் துரு இன்னும் விரைவாகப் பிடிக்கும், நிறைத்தே வையுங்கள். ரேடியேட்டரை மட்டும் கழுவி பிளாக்கை விட்டுவிடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. பிளாக்கின் டிரெயின் டேப்பை (நீர் வடிக்கும் குழாயை) திறந்தும் நீர் வரவில்லையெனில் உள்ளே சேறு இறுகியிருக்கிறது என்று பொருள். கம்பியால் குத்தி எடுத்து, தெர்மோஸ்டாட்டை (சூட்டுக்கேற்ப நீரோட்டத்தைத் திறந்து மூடும் வால்வை) கழற்றி, எதிர்த்திசையில் நீர் பாய்ச்சுங்கள். தெர்மோஸ்டாட்டை மறுபடியும் கட்டாயம் மாட்டிவிடுங்கள்.

கடைசியாக, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை உலோகத்தில் படாமல் ரேடியேட்டர் நீரிலும் வைத்து, விளக்குகளைப் போட்டும் ஸ்டார்ட்டரைச் சுழற்றியும் பாருங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயர் கெட்டிருக்கக்கூடும்; அந்த மின்னோட்டம் நீர் வழியாகவே போய் உலோகத்தை அரிக்கிறது.

கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலை அளந்ததில் விளக்குகளைப் போட்டதும் 0.6 வோல்ட் காட்டியது. என்ஜினிலிருந்து பாடிக்குச் செல்லும் எர்த் ஒயரின் முனை பச்சை பூத்துக் கிடந்தது. தேய்த்து இறுக்கிய பின் 0.1-க்குக் கீழே இறங்கிவிட்டது. டிரெயின் டேப்பிலிருந்து ஒரு சொட்டு நீர்கூட வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கம்பியோடு அதன்முன் உட்காரப் போகிறேன்.