மோரிஸ் மைனர் 1098: எஞ்சினைப் புதுப்பித்த பிறகு ஏற்றத்தில் நாக்கிங், உதவி தேவை

கேள்வி:

வணக்கம். என்னுடையது 1965-ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் 1000 கார், 1098 சி.சி. எஞ்சின். காரோடு பிறந்த எஞ்சினையே, அதன் எண் தகடு உட்பட, காப்பாற்ற வேண்டும் என்று பிடிவாதமாக நின்று முழுவதும் பிரித்துக் கட்டினேன். வேறு எஞ்சின் வைத்துவிடு என்றார்கள் பலர். எனக்கு மனம் வரவில்லை.

சிலிண்டர்கள் 40 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 40 பங்கு) ஓவர்சைஸ் போர் செய்யப்பட்டன, அதாவது துளை பெரிதாக்கப்பட்டது. பிஸ்டன்கள் தட்டையான தலை உள்ளவை. கிராங்க்ஷாஃப்ட் கிரைண்டிங், புதிய பேரிங், புதிய ஆயில் பம்ப். ஒற்றை டைமிங் செயினுக்குப் பதில் இரட்டைச் செயின். ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) மட்டும் எம்ஜி 1100 காரில் வந்த, 12ஜி295 என்ற எண்ணுள்ள வார்ப்பு. ஈயமில்லாப் பெட்ரோலுக்காக எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடின சீட் பதித்தாயிற்று. கேம்ஷாஃப்ட், எச்எஸ்2 எஸ்யூ கார்புரேட்டர் இரண்டும் பழையவையே.

ஐட்லிங் அருமை. சமதளத்தில் முன்பைவிட நன்றாக இழுக்கிறது. ஆனால் டாப் கியரில் ஏற்றம் ஏறும்போது, தகர டப்பாவில் கோலிக்குண்டுகளைப் போட்டுக் குலுக்கியது போல் நாக்கிங் (பெட்ரோல் முறைதவறி வெடிக்கும் சத்தம்). சூடாக இருக்கும்போது சாவியைத் திருப்பி நிறுத்தினாலும் எஞ்சின் சற்று நேரம் தானாகத் திணறி ஓடுகிறது. கம்ப்ரஷன் கேஜில் நான்கும் 195 பிஎஸ்ஐ. பெட்ரோல் 95 ஆக்டேன். டைமிங்கை (பிளக்கில் பொறி வரும் நேரத்தை) பின்தள்ளினால் நாக்கிங் குறைகிறது, ஆனால் இழுவையும் போய்விடுகிறது. எங்கே தேடுவது?

பதில் 1:

பழைய கேம்ஷாஃப்டோடு 195 என்பது மிக அதிகம். இன்டேக் வால்வு சீக்கிரம் மூடிவிடுவதால் காற்று முழுவதும் உள்ளேயே அகப்பட்டு அழுந்தும். ஹெட்டை எவ்வளவு சீவினார்கள்? ஏ-சீரிஸ் (உங்கள் எஞ்சின் வகை) ஹெட்டின் மூலத் தடிமன் இரண்டே முக்கால் அங்குலம், அதாவது 69.85 மி.மீ. ஒரு வெர்னியர் வைத்து அளந்து எழுதுங்கள்.

கேட்டவர்:

68.5 மி.மீ. வருகிறது, ஐயா. ஹெட்டை வாங்கும்போதே யாரோ சீவியிருந்தார்கள். லேத் பட்டறையில் மட்டம் பார்க்க மறுபடியும் சீவினார்கள்.

பதில் 1:

அப்படியென்றால் இனி ஊகம் வேண்டாம். ஹெட்டைக் கழற்றி, வால்வும் பிளக்கும் போட்டபடி கவிழ்த்து வையுங்கள். சிறு துளையிட்ட கண்ணாடி போன்ற அக்ரிலிக் தகட்டை கிரீஸ் தடவி எரிப்பு அறையின் (ஹெட்டில் பெட்ரோல் எரியும் குழி) மேல் ஒட்டி, பியூரெட்டால் மண்ணெண்ணெய் விட்டு அளந்து பாருங்கள். சீவாத 12ஜி295-இல் ஓர் அறை சுமார் 28.3 சி.சி. நான்கு அறைகளையும் தனித்தனியே அளக்க வேண்டும்.

கேட்டவர்:

மூன்று அறைகள் 24.5, ஒன்று 24.3. பிஸ்டன் உச்சத்தில் பிளாக் மட்டத்துக்குக் கீழே 0.8 மி.மீ. நிற்கிறது.

பதில் 1:

கணக்கைப் பாருங்கள். மூல அளவு 64.58 மி.மீ. போர், 83.72 மி.மீ. ஸ்ட்ரோக், சிலிண்டருக்கு 274 சி.சி. உங்கள் போர் இப்போது 65.6 மி.மீ., எனவே 283 சி.சி. ஆகிவிட்டது. பெரும்பாலோர் இதை மறந்துவிடுகிறார்கள்: போர் பெரிதானாலே கம்ப்ரஷன் விகிதம் (காற்று எத்தனை மடங்கு அழுந்துகிறது என்பது) ஏறும். மேலே அறை 24.5, கேஸ்கெட் சுமார் 3, பிஸ்டனுக்கு மேலுள்ள இடைவெளி சுமார் 3, மொத்தம் 30.5. 283-ஐ 30.5-ஆல் வகுத்து ஒன்றைக் கூட்டினால் 10.3. மைனர் 1098 தொழிற்சாலையிலிருந்து வந்தது 8.5-இல். வார்ப்பிரும்பு ஹெட், பழைய கேம்ஷாஃப்ட், 95 ஆக்டேன் மூன்றும் சேர்ந்தால் நான் ஒன்பதரையைத் தாண்டமாட்டேன்.

பதில் 2:

அண்ணன் சொன்னது சரி. ஆனால் ஹெட்டில் கை வைக்கும் முன் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். இரட்டைச் செயின் மாற்றும்போது முன்பக்கக் கப்பியையும் மாற்றினீர்களா? டைமிங் குறி இருக்கும் இடம் எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடும். ஹெட் கழன்றிருக்கும்போதே முதல் பிஸ்டன் உச்சத்தை டயல் கேஜால் கண்டுபிடித்து, குறியோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஹெட் போட்ட பிறகு என்றால் பிளக் துளையில் ஒரு தடுப்புக் கம்பியை முடுக்கி, எஞ்சினைக் கையால் இரு பக்கமும் மெல்லச் சுழற்றி, தட்டுப்படும் இரண்டு இடங்களுக்கும் நடுவைக் குறிக்க வேண்டும்.

கேட்டவர்:

கப்பி வேறு எஞ்சினுடையதுதான். டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன்: குறி 6 டிகிரி தள்ளியிருக்கிறது! நான் வைத்ததாக நினைத்த டைமிங்கைவிட உண்மையில் 6 டிகிரி முன்னதாகவே பொறி வந்திருக்கிறது.

பதில் 2:

இரண்டு கோளாறும் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. சரியான உச்சத்துக்குப் புதுக் குறி வெட்டிக்கொள்ளுங்கள். பிறகு வேக்குவம் குழாயைக் கழற்றிவிட்டு நிமிடத்துக்கு 3,500 சுற்றில் டைமிங் லைட்டால் மொத்த அட்வான்ஸை (பிஸ்டன் உச்சத்துக்கு எத்தனை டிகிரி முன் பொறி வருகிறது என்பதை) பாருங்கள். ஐட்லிங்கில் மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். டிஸ்ட்ரிபியூட்டர் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் மேலே போகப் போக எகிறும்.

பதில் 1:

ஹெட்டுக்கு என் யோசனை: தடித்த கேஸ்கெட் தேடாமல் அறைகளைத் திறந்துவிடுங்கள். அறை விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள், சீவிய இடம் கத்தி போல் இருக்கும். அந்த மெல்லிய விளிம்பு செந்தணலாகிப் பொறியில்லாமலே பெட்ரோலைப் பற்றவைக்கும். சாவியைத் திருப்பிய பிறகும் எஞ்சின் ஓடுவது பெரும்பாலும் அதனால்தான். விளிம்பை மழுக்கி, வால்வுகளைச் சுற்றியுள்ள சுவரையும் இரு வால்வுகளுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கையும் தேய்த்து, நான்கையும் 28 சி.சி.க்குச் சமமாகக் கொண்டுவாருங்கள். 9.3 கிடைக்கும். காற்றும் தாராளமாகப் போகும். கேஸ்கெட்டின் கோட்டைத் தாண்டித் தேய்த்துவிட வேண்டாம். ஹெட் தாழ்ந்துவிட்டதால் ராக்கர் ஷாஃப்ட் தூண்களுக்கு அடியில் ஷிம் வைத்து ராக்கர் கோணத்தையும் சரிசெய்யுங்கள்; வால்வு இடைவெளி வழக்கமான 12 தௌ.

கேட்டவர்:

எல்லாம் முடிந்தது. அறைகள் 28, கம்ப்ரஷன் 170 பிஎஸ்ஐ, 3,500 சுற்றில் 30 டிகிரி. அதே ஏற்றம், அதே டாப் கியர்: நாக்கிங் அறவே இல்லை. சாவியைத் திருப்பினால் உடனே நிற்கிறது. உங்கள் இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பிளக் மட்டும் சற்று வெளுப்பாக இருக்கிறது.

பதில் 2:

காற்று அதிகம் போகிறது, பெட்ரோல் பழைய அளவில் வருகிறது. எஞ்சின் சூடான பிறகு கார்புரேட்டர் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் மட்டும் தூக்குங்கள். வேகம் சட்டென இறங்கி எஞ்சின் தடுமாறினால் கலவை மெலிவு. கார்புரேட்டரின் ஜெட் மரையை ஒரு பட்டை (ஆறில் ஒரு சுற்று) இறக்கிப் பாருங்கள். அதன் பிறகும் ஏற்றத்தில் பிளக் வெளுத்தால் கார்புரேட்டரில் ஒரு படி செறிவான (பெட்ரோல் கூடுதலாக விடும்) ஊசி போட வேண்டியதுதான்.