சிறுபோகத் தண்ணீர் போட் கேம்: துருசடி வயல்காரரே எப்பவும் வெல்லுறார்

வாய்க்கால்:
வணக்கம். கிளிநொச்சி இரணைமடு மாதிரி ஒரு பெரிய குளத்துக்குக் கீழ 4 பேர் சிறுபோகம் (கோடை நெல்) செய்யிற விளையாட்டு ஒண்டு உருவாக்கிறன். 6 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் 2 ஆறுமுகத் தாயக்கட்டை உருட்டி, விழுகிற அளவுக்குக் குளத்தில தண்ணிக் காய் வைக்கிறது. துருசிலிருந்து (குளத்துத் தண்ணி திறக்கிற மதகு) வரிசையா எடுக்கலாம். ஆனால் துருசடி வயல்காரர்தான் அநேகமா வெல்லுறார். கடைசி வயல்காரருக்குப் பாதியிலயே ஆர்வம் போயிடுது. இதைத் திருத்தி 100 பெட்டி அச்சடிக்க யோசினை. எங்க தொடங்கிறது?

கமக்காரன்:
முதல்ல தாயக்கட்டையை விடுங்கோ. சிறுபோகத்தில மழையை நம்பி ஆர் விதைக்கிறது? காலபோக (மாரி நெல்) மழைக்குத் தேங்கினதுதான் தண்ணி. அதைப் பார்த்துத்தான் எத்தினை ஏக்கர் விதைக்கிறது எண்டு கமக்காரர் கூட்டத்தில தீர்மானிக்கிறது. அந்தக் கூட்டம்தான் உங்கட விளையாட்டுக்கு உயிர், அதை இப்ப காணேல்லை.

3 சுற்று காலபோகம், 3 சுற்று சிறுபோகம் எண்டு பிரியுங்கோ. 3, 5, 7, 9, 11 எண்டு 5 மழை மட்டை செய்து, குலுக்கி, சுற்றுக்கு ஒண்டாய் 3 மட்டும் திறவுங்கோ. மொத்தம் 15க்குக் குறையாது, 27ஐத் தாண்டாது. தாயக்கட்டையை 3 தரம் உருட்டினால் 6இலிருந்து 36 வரை போகும். 6 விழுந்தால் ஆர் என்ன யோசிச்சும் பிரயோசனமில்லை. குளம் 24 காய்தான் பிடிக்கும், மிச்சம் வான் பாயும் (வழிஞ்சு வெளியால போகும்).

கூட்டத்தில துருசடியார் தன்ர வயல் மட்டைகளை முதல் வைக்கவேணும், ஆளுக்கு 3க்கு மேல இல்லை. கடைசி வயல்காரர் மற்றவை வைச்சதைப் பார்த்துப்போட்டு வைப்பார். சிறுபோகத்தில துருசு சுற்றுக்கு 6 காய்தான் விடும், ஒரு வயல் மட்டைக்கு ஒண்டு. முதல் சுற்று துருசடியில தொடங்கட்டும், அடுத்தது கடைசி வயலில, மூண்டாவது குறைய விதைச்சவரில. 3 தரமும் தண்ணி கண்ட வயலுக்கு 3 புள்ளி, 2 தரம் எண்டால் 1. அதுக்கும் குறைஞ்சால் விதைநெல் நட்டம், 1 புள்ளி கழியும்.

பேந்து 12 ஆட்டம் போடுங்கோ, ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு இடத்திலும் 3 தரம். ஒரே இடம் 7 ஆட்டமோ அதுக்கு மேலயோ வெண்டால் அது அநேகமாத் தற்செயல் இல்லை.

முல்லைமணல்:
மேல சொன்ன அமைப்பு சரி. அதுக்குப் பிறகு ஒரு நேரத்தில ஒண்டை மட்டும் மாத்துங்கோ. புள்ளியையும் துருசு அளவையும் சேர்த்து மாத்தினால் எது வேலை செய்தது எண்டு பிடிக்கேலாது. மாதிரிக்குப் பழைய விளையாட்டுக் காட்களைக் கண்ணாடி உறையில போட்டு, முன்னால பென்சிலால எழுதின துண்டைச் செருகினால் போதும். இந்த நிலையில வடிவா வரையாதேங்கோ, வரைஞ்சதைக் கிழிக்க மனம் வராது.

கடைசிச் சோதினைக்கு, உங்களைத் தெரியாத ஆக்களிட்டப் பெட்டியையும் விதித்தாளையும் குடுத்துப்போட்டுப் பேசாமல் இருங்கோ. பிழையா விளையாடினாலும் திருத்தாதேங்கோ. பிழை உங்கட எழுத்தில. எந்த விதியைத் திரும்பத் தேடினவை, எதைத் தாங்களாக் கற்பிச்சவை எண்டு குறியுங்கோ. “நல்லா இருந்ததோ” எண்டு கேட்டால் மரியாதைக்கு ஓம் எண்டுதான் சொல்லுவினம். “எந்த இடத்தில சும்மா இருந்தனீங்கள்” எண்டு கேளுங்கோ.

அச்சுமை:
அச்சு விசயம். மட்டை 63 × 88 மி.மீ. எண்டால் ஏ4 தாளில 9 பிடிக்கும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 300 கிராம்) தாள், வெட்டுக்கோட்டுக்கு வெளியால 3 மி.மீ. நிறம் ஓடவேணும், எழுத்து 3 மி.மீ. உள்ளுக்கு நிக்கவேணும். 100 பெட்டிக்கு டிஜிட்டல் அச்சுத்தான் சரி. ஒவ்செற்றில (பிளேட் செய்து அடிக்கிற முறை) பிளேட் செலவை 100 பெட்டி தாங்காது.

பலகைக்கு 2 மி.மீ. கிறே போட் (தடிச்ச சாம்பல் அட்டை). ஒரு பக்கம் மட்டும் தாள் ஒட்டினால் பசை காயேக்க இழுத்து வளைஞ்சுபோகும், மாரி ஈரத்தில இன்னும் மோசம். பின்பக்கமும் தாள் ஒட்டி, ஒரு நாள் பாரத்துக்குக் கீழ வையுங்கோ.

எழுத்தில கவனம்! யுனிகோட்டில அடிச்சதை பாமினி (பழைய தமிழ் எழுத்துரு) பாவிக்கிற அச்சகத்தில திறந்தால் “கொ”, “கே” எல்லாம் குழம்பும். எழுத்தைக் கோடாக (அவுட்லைன்) மாத்தின பிடிஎஃப் குடுத்து, ஒரு தாள் அடிச்சுப் பார்த்த பிறகுதான் மிச்சத்துக்கு ஓம் சொல்லுங்கோ.

வாய்க்கால்:
நன்றி, கூட்டத்தை இண்டைக்கே சேர்க்கிறன். ஆரும் பிரதி பண்ணாமல் இருக்கப் பதியவேணுமோ?

கமக்காரன்:
இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி உங்கட விதித்தாள் எழுத்துக்கும் படத்துக்கும் பதியாமலே பாதுகாப்பு இருக்கு. விளையாடுற முறைக்கு அது இல்லை. பேரைக் காக்கவேணுமெண்டால் வியாபாரக் குறியாப் பதியலாம். 100 பெட்டிக்கு அந்தச் செலவு இப்ப தேவையில்லை, மாதிரித் தாளுக்குச் செலவழியுங்கோ.