கடல் நீர் புகுந்த டிபெண்டரின் ட்ரான்ஸ்பர் பொக்ஸைக் கழற்றுவது குறித்து

கேள்வி (நிலாவெளி)

வணக்கம். எங்களிடம் 300 டிடிஐ எஞ்சின் பூட்டிய லேண்ட் ரோவர் டிபெண்டர் 110 உள்ளது. படகுகளை டிரெயிலரில் ஏற்றிக் கரைக்கு இழுப்பது அதைக் கொண்டுதான். இரு வாரங்களாக ஓட்டத்தில் வாகனத்தின் நடுப்பகுதியிலிருந்து ஒரு முனகல் எழுகின்றது. நேற்று ட்ரான்ஸ்பர் பொக்ஸின் (கியர்பொக்ஸிலிருந்து வரும் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் பெட்டி) அடித் திருகைச் சற்றுத் தளர்த்தியபோது வடிந்த ஒயில் பால்தேநீர் நிறத்தில், விரலில் நுரைபோல் ஒட்டியது. புதிய ஒயில் ஊற்றினால் போதுமா, அல்லது பிரித்தே ஆக வேண்டுமா?

பதில் 1 (கிண்ணியா)

தம்பி, ஓடிச் சூடேறிய பொக்ஸ் திடீரெனக் கடல் நீரில் அமிழும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, மூச்சுக்குழாய் (பொக்ஸின் உட்காற்று வெளியேறும் குழாய்) வழியாகவோ தேய்ந்த சீல் வழியாகவோ நீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே மூச்சுக்குழாயை உயரமான இடத்துக்கு ஏற்றாமல் ஒயிலை மட்டும் மாற்றினால் அடுத்த படகோடு அதே கதைதான். அச்சுகளின் டிப்ரென்ஷியல் (இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பகிரும் கியர்த் தொகுதி) ஒயிலையும் பாருங்கள். அவையும் அதே நீரில்தான் நின்றன.

இன்னொன்றை மிகக் கவனமாகக் கேளுங்கள். டிபெண்டரின் ஹேண்ட் பிரேக் சக்கரங்களில் இல்லை, ட்ரான்ஸ்பர் பொக்ஸின் பின் சாப்டில்தான் பிடிக்கின்றது. பின் புரொப்பெல்லர் சாப்டை (பின் அச்சுக்கு விசையைக் கொண்டு செல்லும் தண்டு) கழற்றிய கணமே அது வாகனத்தைத் தாங்காது. நான்கு சக்கரங்களுக்கும் கட்டை வைக்காமல் அடியில் படுக்க வேண்டாம். மேலும், ஒயில் நிரப்பும் திருகு கழல்கின்றதா என்று முதலில் பார்த்துவிட்டே அடித் திருகைத் திறக்க வேண்டும். வடித்த பின் மேல் திருகு இறுகிக் கிடந்தால் ஒயில் ஊற்ற வழியிராது.

பதில் 2 (உப்புவெளி)

மேலே சொன்னவை சரியே. உப்பு நீரும் முனகலும் சேர்ந்திருப்பதால், பிரிப்பதே என் கருத்து. வாகனத்தை நிறுத்தி, ட்ரான்ஸ்பர் நெம்பை நியூட்ரலில் வைத்து, கியர்பொக்ஸை நான்காம் கியரில் ஓட விடுங்கள். அப்போதும் முனகினால் சந்தேகம் பெரும்பாலும் இன்டர்மீடியட் கியர்த் தொகுதியின் (பொக்ஸினுள் இடையில் நின்று விசையைக் கடத்தும் கியர்கள்) மேல்தான் விழும்.

அத்தொகுதியைக் கழற்றி, அதன் இரு பெயாரிங்குகளை மண்ணெண்ணெயில் கழுவிக் காயவிட்டு, கையால் மெதுவாகச் சுழற்றுங்கள். மணல் அரைபடுவது போன்ற உணர்வு வந்தால், உருளைகள் பார்வைக்குப் பளபளத்தாலும் அவற்றை மீண்டும் பூட்டாதீர்கள். இரு பெயாரிங்குகளுக்கும் இடையே நசுங்கும் வளையம் உள்ள தொகுதியாயின், ஒவ்வொரு முறையும் புதியதையே இட வேண்டும். நட்டைச் சிறிது சிறிதாக இறுக்கி, சுழற்றும்போது தோன்றும் பிடிப்பை இடையிடையே அளக்க வேண்டும். அளவு மீறி இறுக்கிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சரிசெய்ய இயலாது, வேறு வளையம்தான். அத்தொகுதியின் சாப்ட் பொக்ஸில் நுழையும் துளை தேய்ந்து ஆடினால் ஓ-ரிங் மாற்றியும் ஒயில் கசியும். லேத்தில் கொடுத்துப் புஷ் (துளைக்குள் பொருத்தும் உலோக உறை) அடிப்பதே வழி.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. கட்டை வைத்துக் கழற்றினோம். முன்புறப் பெயாரிங்கின் உருளைகளில் கடுகளவு கருங்குழிகள் இருந்தன. கியர்ப் பற்கள் சேதமின்றி உள்ளன. பின் அச்சு ஒயிலும் வெளுத்தே இருந்தது. பெயாரிங்குகள், வளையம், சீல்கள் அனைத்தையும் புதிதாக வாங்குகின்றோம். மூச்சுக்குழாயை எஞ்சின் அறைவரை உயர்த்திய பின்னரே வாகனம் மீண்டும் கடலில் இறங்கும்.