சொந்தமா செஞ்ச இழைப்புளி, நாலு தள்ளுக்கு மேல சீவல் அடைச்சுக்குதுங்க, என்ன தப்பு?

பல்லடம் தறிக்காரன்
வணக்கமுங்க. நமக்குத் தொழில் தறி, மரவேலை ஞாயித்துக்கெழமை ஆசைக்கு மட்டும். அப்பாரு காலத்து மாட்டுவண்டி ஒன்னு சாளையோரமா மக்கிட்டுக் கெடந்துச்சு, அதுல ஒரு கருவேலங்கட்டை மட்டும் இரும்பாட்ட இருந்ததுனால அறுத்தெடுத்து இழைப்புளி செஞ்சேன். நீளம் 10 இஞ்சு, பிளேடு 2 இஞ்சு, உக்கடத்துல பழைய சாமான் கடையில மேல்தகடோட (பிளேடு மேல போல்ட்டுல இறுக்கற, சீவலை மடக்கி விடற தகடு) சேத்து வாங்குனது. உளியில குடையறதுக்கு நமக்குக் கை வராதுங்க, அதனால ரெண்டு பக்கவாட்டுக் கன்னத்தையும் தனியா அறுத்து எடுத்துட்டு நடுக்கட்டையை 45 டிகிரில வெட்டி மறுபடி ஃபெவிகால் வெச்சு ஒட்டிட்டேன். குறுக்க ஒரு கம்பி, அதுக்கடியில ஆப்பு.

மொத நாலு தள்ளு அழகா சுருண்டு வருதுங்க. அஞ்சாவதுல டர்ர்ருனு அதிருது, பலகை மேல தகரக்கூரையாட்ட வரி வரியா விழுகுது, உள்ள எட்டிப் பாத்தா சீவல் பஞ்சாட்ட அடைச்சு நிக்குது. ஈர்க்குச்சி வெச்சு நோண்டி எடுத்துட்டு மறுபடி நாலு தள்ளு, மறுபடி அதே அக்கப்போரு. அடியில பிளேடு எட்டிப் பாக்கற வாய் அரை மில்லிதான் வெச்சிருந்தேன், அது பத்தலையோன்னு அரத்துல ராவி 2 மில்லி ஆக்கிட்டேன். இப்ப அடைப்பு சித்த கொறஞ்சிருக்கு, ஆனா மரத்தைப் பேத்துப் பேத்து எடுக்குது. அதிர்வு அப்படியேதான் இருக்குதுங்க.

காங்கேயத்தான்
சாணை புடிச்சீங்களா? மொக்கையா இருந்தாலும் இப்படித்தான் அடிக்கும்.

பல்லடம் தறிக்காரன்
30 டிகிரில புடிச்சு எண்ணெய்க்கல்லுல தீட்டியாச்சுங்ணா. கைமுடி வழிக்குது.

ஈரோடு மணி
மொனைய 45 டிகிரிக்கு மாத்திப் புடிங்க ப்ரோ, பலமா நிக்கும், அதிராது.

பெருந்துறை பட்டறை
மணி தம்பி, அப்படி மட்டும் பண்ணச் சொல்லாதீங்க. பிளேடு படுத்திருக்கறதே 45ல, மொனையும் 45 ஆனா மொனைக்குப் பின்னால துளி எடமிருக்காது, முதுகு மரத்துல ஒரசிட்டு வெறுமனே வழுக்கிட்டுப் போகும். 30 இருந்தா 15 டிகிரி எடைவெளி கெடைக்குது, அதுவே சரி.

பல்லடத்துத் தம்பி, வாயைத் தொடறது கடைசி வேலைங்க, நீங்க அதை மொதல்லயே பண்ணிப்போட்டீங்க. நல்லா இழைக்கற இழைப்புளிக்கு அரை மில்லி போதும். எனக்குச் சந்தேகம் பிளேடு படுக்கற சரிவு மேல. பிளேடோட அடிப்பக்கம் அடுப்புக்கரியை நல்லா தேச்சு உள்ள வெச்சு ஆப்பை இறுக்கி உடனே கழட்டிப் பாருங்க. கரி வாயோரத்துல ஒட்டியிருக்கோணும். அங்க ஒட்டலைன்னா மொனை அந்தரத்துல நிக்குதுன்னு அர்த்தம், மரம் இடிச்சதும் வளைஞ்சு வளைஞ்சு விடும், அதுதான் அந்த டர்ர்.

அப்பறம் மேல்தகடு. பிளேடோட சேத்து மாட்டி வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் புடிங்க. ரெண்டுக்கும் நடுவுல நூலளவு வெளிச்சம் தெரிஞ்சாலும் சீவல் அங்க பூந்துக்கும், ஒன்னு பூந்துட்டா பின்னால வர்றது முச்சூடும் அதும்மேல அடைஞ்சுக்கும். தகடு மொனையை எண்ணெய்க்கல்லுல சித்த சாச்சுப் புடிச்சுத் தேச்சா சரியாயிரும்.

ஆமா, மேல்தகட்டைப் புடிக்கற போல்ட் தலை உக்கார சரிவுல காடி எவ்வளவு ஆழம் எடுத்தீங்க?

பல்லடம் தறிக்காரன்
ஐயா, புடிச்சுப்போட்டீங்க! ராத்திரி ஷிப்ட் விட்டதும் பாத்தேன். சரிவுல கரி மருந்துக்குக்கூட ஒட்டல, காடிக்குள்ள மட்டும் எட்டணா அளவுக்கு வட்டமா போல்ட் தலையோட அச்சு பளபளன்னு பதிஞ்சிருக்கு. ஆழமெல்லாம் அளக்கலீங்க, கண்ணளவுல எடுத்தது. இத்தன நாளா பிளேடு போல்ட் தலை மேலதான் உக்காந்திருக்குது, நான் வாயை ராவிட்டுத் திரிஞ்சிருக்கேன். மேல்தகட்டுலயும் ஒரு ஓரமா வெளிச்சம் தெரியுது.

பெருந்துறை பட்டறை
காடியை இன்னும் 2 மில்லி எறக்குங்க. சரிவுல சின்ன மேடு இருந்தா உளியிலயே சொரண்டுங்க, உப்புக்காகிதம் வெச்சா ஓரம் உருண்டு போயிரும். ஆப்பும் கம்பிக்கிட்ட மட்டும் புடிச்சாப் பத்தாது, கீழ வரைக்கும் அழுத்தோணும்.

அடியைச் சமம் பண்றப்ப பிளேடை உள்ளுக்கு வாங்கிட்டு ஆப்பை எப்பவும் போல இறுக்கியே தேயுங்க. ஆப்பு இறுகுனா அடி கொஞ்சம் பிதுங்கும், ஆப்பில்லாம தேச்சா மாட்டுனதும் மறுபடி மேடாயிரும். கண்ணாடி மேல 120 நம்பர் காகிதம் போதும்.

ராவுன வாய்க்கு, சரிவுல கல்யாணப் பத்திரிகை அட்டையை ஒட்டி பிளேடை முன்னால கொண்டாரலாம், ஆனா 2 மில்லிக்கு அதெல்லாம் பத்தாதுங்க. வாய்க்கு முன்னால அடியில காடி எடுத்து அதே கருவேலந்துண்டை ஒட்டிட்டு, பொறவு கொஞ்சங்கொஞ்சமா ராவுங்க.

சூலூர் லேத்து
இந்த மாதிரி அறுத்து ஒட்டற முறையைப் பரப்புனது ஜேம்ஸ் கிரெனோவ்னு அமெரிக்காவுல இருந்த ஒரு மரவேலைக்காரருங்க, 2009ல செத்துப்போனாரு. அவரு குறுக்க கம்பி போட மாட்டாரு, மரக்குச்சிதான், அது ஆப்புக்குத் தக்கபடி சுத்தி உக்காந்துக்கும். உங்க கம்பி சுத்துதா?

பல்லடம் தறிக்காரன்
10 மில்லி கம்பிங்ணா, தறிச் சாமானுல கெடந்தது, சுத்தாது, ரெண்டு பக்கமும் அடிச்சு ஏத்திட்டேன். அடுத்ததுல குச்சி போட்டுப் பாக்கறேன். காடி எறக்கியாச்சு, மேல்தகடும் தேச்சாச்சு. வாய்க்கு இன்னும் துண்டு ஒட்டல, இருந்தும் வேப்பம்பலகையில இருபது தள்ளு தள்ளிட்டேன், ஒருக்காகூட அடைக்கல, அந்த டர்ர் சத்தம் சுத்தமா நின்னுபோச்சு. மரத்தோட நார் ஓட்டம் மாறி வர்ற எடத்துல மட்டும் இன்னும் பேக்குது. ஞாயித்துக்கெழமை துண்டு ஒட்டிட்டு போட்டோ போடறனுங்க.