வாளிப் பின்னின் கறுப்புப் பூச்சு: புதுப்பிப்பு

காலபோகத்துக்கு முன்னம் எழுதியிருந்தேன்: பரந்தனில் ஓடும் எங்கள் பெக்கோவில் (மண் தோண்டும் இயந்திரம்), வாளியை அதன் கையோடு பிணைக்கும் உருக்குப் பின் ஒன்றுக்கு வைரம்போன்ற கார்பன் பூச்சுப் போடுவித்தேன், இனி கிரீஸ் குறையும் என்று. சரி, நேற்று கழற்றினேன். சுமை விழாத பக்கம் கண்ணாடிபோல மினுங்குகிறது. சுமை விழுந்த பக்கம் செதில் செதிலாக உரிந்து கிடக்கிறது.

‘பூச்சுக் கள்ளம்’ என்று எழுதிய தம்பிக்கு: பூச்சில் பிழையில்லை, அடியிலிருந்த உருக்குத்தான் மென்மை. இந்தப் பூச்சு இரண்டு மூன்று மைக்ரோன் தடிப்புத்தான். தலைமயிர் அதைவிடப் பல மடங்கு தடிப்பு. அடி உருக்கு அமிழ்ந்தால் மேலே உள்ள கடினத் தோல் வெடிக்கும். ஈரக் களிமண்ணில் அப்பளத்தை வைத்து மிதித்த கதை. உரிந்த துகளும் கடினம், வாய்க்கால் மணலோடு சேர்ந்து, பின் சுழலும் உறையான புஷ்ஷையும் அரைத்துவிட்டது.

முதலில் நைட்ரைடிங் செய்து, அதாவது மேற்பரப்பில் நைதரசன் ஏற்றி, உருக்கை இறுக்கி, இடையில் குரோமியப் படை வைத்து, அதன்மேல்தான் கார்பன் போட்டிருக்க வேண்டும். எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டருக்குள் இதே பூச்சு நிற்பதற்குக் காரணம் அடியில் கடினமான உருக்கு, சுத்தமாக வடித்த டீசல். எங்கள் மண்ணுக்கு அந்தக் கொடுப்பினை ஏது?

இப்போதைக்கு மேற்பரப்பு இறுக்கிய வெறும் பின் போட்டாயிற்று. காலையில் கிரீஸ் அடிக்கும் துப்பாக்கியோடு நான்தான் நிற்கிறேன்.