ஈஜிஆர் வால்வை (எக்ஸாஸ்ட் புகையில கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்குள்ள விடுற வால்வு) மாத்துறதுக்கு முன்னாடி எதைப் பார்த்தீங்க?

இன்ஜின் லைட் எரிஞ்சு, ஸ்கேனர்ல பி0401ங்கிற எரர் கோடு வந்தாலே "வால்வு போச்சு, மாத்திடுங்க"ம்பாங்க. புகை ஓட்டம் போதலைன்னுதான் அந்தக் கோடு சொல்லுது. எங்க அடைச்சிருக்குன்னு அதுக்குத் தெரியாது. என் டீசல் வண்டிக்குப் புது வால்வு போட்டும் அதே லைட் திரும்ப எரிஞ்சது. வேற மெக்கானிக் ஸ்கேனரை மாட்டி, ஐடிலிங்ல வால்வைத் திறக்க வச்சுப் பார்த்தார். பொசிஷன் ரீடிங் ஒழுங்கா ஏறி இறங்குது. உள்ள வர்ற வெளிக்காத்தை அளக்குற ஏர்ஃப்ளோ ரீடிங் மட்டும் அசையலை. புகை உள்ள வந்தா வெளிக்காத்து அந்த அளவுக்குக் குறையணுமே? வால்வு திறந்தும் புகைக்கு வழியில்லைன்னு அப்பவே தெரிஞ்சிடுச்சு. இன்ஜினுக்குக் காத்து போற இன்டேக் மேனிஃபோல்டைக் கழட்டினா, புகை வந்து சேர்ற துவாரத்துல சுண்டுவிரல்கூட நுழையலை. எண்ணெய்ப் பசையோட இறுகின கரி. கிளீனர்ல ஊறவச்சும் சுரண்டித்தான் எடுத்தார். (கழட்டாமலே ஸ்ப்ரே அடிக்கிறவங்க, பெயர்ற கரித்துண்டு எங்க போகும்னு யோசிக்கவே மாட்டாங்களா?)

—

எனக்கு நேர்மாறு. பழைய பெட்ரோல் வண்டி, வேக்குவத்துல இயங்குற வால்வு. நின்னா உதறி ஆஃப் ஆயிடும், வேகம் எடுத்துட்டா ஒரு குறையும் தெரியாது. இந்த மாதிரி வண்டியில ஐடிலிங்ல புகை போகவே கூடாது, அதனால வால்வு மூடலையோன்னு சந்தேகம். வேக்குவம் ஹோஸைப் பிடுங்கினேன், உதறல் நிக்கலை. அப்போ வால்வுக்கு வேக்குவத்தை விடுற சோலனாய்டு மேல தப்பில்லை. வால்வைக் கழட்டினா, அது மூடி உட்கார்ற சீட்ல ஒரு கரித்துணுக்கு மாட்டிக்கிட்டு இருந்தது. எடுத்துட்டு, புது கேஸ்கெட் போட்டு மாட்டினேன், முடிஞ்சது. ஹேண்ட் பம்ப்ல வேக்குவம் கொடுத்து வால்வை இழுக்குற டயஃப்ரம் பிடிச்சு நிக்குதான்னும் பார்த்துக்கிட்டேன்.

—

எங்க வண்டியில கோடே வரலை. கூலண்ட் குறையுது, கீழே ஒரு சொட்டு ஒழுகலை, காலையில ஸ்டார்ட் பண்ணா வெள்ளைப் புகை. எல்லாரும் ஹெட் கேஸ்கெட்டுன்னாங்க. ஹெட்டைத் தூக்குறதுக்கு முன்னாடி ஈஜிஆர் பைப்பைக் கழட்டிட்டு கூலண்டுக்கு பிரஷர் கொடுக்கச் சொன்னேன். புகையைக் கூலண்டால குளிர வைக்கிற ஈஜிஆர் கூலர் வாயில ஈரம் கசிஞ்சது. கூலரை மாத்தினதும் கூலண்ட் குறையுறது நின்னுச்சு.

—

முதல்ல எழுதினவன்தான். புது எலக்ட்ரிக் வால்வு மாட்டுறவங்க, சில வண்டிகள்ல மூடின நிலையை ஸ்கேனர் வச்சுக் கத்துக்கொடுக்கணும். அதை விட்டுட்டு, புது வால்வும் சரியில்லைன்னு திருப்பிக் கொடுத்துடாதீங்க.